மூடியைத் திறந்தால் வொரண்டி இல்லை

1

தெரிவு செய்யும் கணத்தில்தான் மனிதன் மனிதனாகிறான். மற்ற நேரமெல்லாம் அவன் வெறும் விளைவு.

இந்த வாக்கியத்தை ஒரு கணினிக் கடை தந்த விலைப்பட்டியலின் பின்பக்கத்தில் எழுதினேன். முன்பக்கத்தில் 'விசிறி - 3' என்று இருந்தது. எழுதி முடித்ததும், நான் அடுத்து எழுதப்போகும் பெருங்கதையின் முதல் வரி இதுதான் என்று உடம்பு சிலிர்த்தது. சிலிர்ப்பு அடங்குவதற்குள் என் மனைவி உஷாந்திக்கு வாசித்துக் காட்டினேன்.

"நல்லாயிருக்கு," என்றாள். "அப்ப எந்தக் கொம்பியூட்டர் எண்டு தெரிவு செய்திட்டீங்களோ?"

"இன்னும் இல்லை."

"அப்ப இப்ப நீங்கள் ஆர்?"

கதை பிறந்த இடம் இதுதான். போரில் பிறந்தது, கடலோரத்தில் பிறந்தது என்று சொல்ல எனக்கும் ஆசை. வெள்ளவத்தையில், ஒரு தொடர்மாடியின் நான்காம் தளத்தில், சாப்பாட்டு மேசையில் பிறந்தது.

உஷாந்தி படவரைஞர். பதினொரு வருடம் ஒரு கட்டட நிறுவனத்தில் கதவும் படியும் கீறியவள். பொருளாதார நெருக்கடியில் நிறுவனம் மூடப்பட்டது. அதன்பின் வீட்டில் இருக்கிறாள். ஒரு திங்கட்கிழமை மெல்பேர்னில் இருந்து மின்னஞ்சல் வந்தது. சமையலறை கட்டிக்கொடுக்கும் ஒரு நிறுவனம். மூன்று சமையலறைகளின் அளவுகளை அனுப்பியிருந்தார்கள். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை, எங்கள் நேரம் பின்னேரம் ஐந்து மணிக்குள் முப்பரிமாணப் படங்களாகக் கீறி அனுப்பவேண்டும். பிடித்துக்கொண்டால் வீட்டிலிருந்தே வேலை. அவளுடைய பழைய மடிக்கணினி அந்த மென்பொருளைத் திறக்கும், ஒருமுறை பெருமூச்சு விடும், அணைந்துவிடும்.

"எனக்கு நாப்பத்திநாலு," என்றாள். "இதை விட்டால் இனி ஒருத்தரும் எனக்குச் சோதினை வைக்கப்போறேல்லை. உடனை ஒரு கொம்பியூட்டர் வேணும்."

"நான் பாக்கிறன்," என்றேன்.

பன்னிரண்டு நாள் இருந்தது.

2

பாத்திரத்தைப் பற்றி.

முதல் வரைவில் நான் இல்லை. பாலசுந்தரம் என்று ஒருவர் இருந்தார். ஓய்வுபெற்ற பொறியியலாளர். குறைவாகப் பேசுவார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, நிதானமாக, ஒரே பார்வையில் முடிவெடுப்பார். உஷாந்தி வாசித்தாள்.

"ஆரப்பா இந்தப் பாலசுந்தரம்?"

"கற்பனை."

"ஓம், தெரியுது. மனிசி சொன்ன உடனை கடைக்கு வெளிக்கிட்ட ஆம்பிளை."

பாலசுந்தரத்தை நீக்கினேன். (அவருடைய கண்ணாடி எங்காவது தங்கியிருக்கலாம், கண்டால் பொருட்படுத்த வேண்டாம்.)

ஆகவே நான்தான். காப்புறுதி நிறுவனமொன்றில் தமிழ்க் கடிதப் பிரிவு. தீ, வெள்ளம், மரம் விழுதல், நாய் கடித்தல் என்று ஊரில் உள்ளவர்களுக்கு நேர்ந்த எல்லாவற்றையும் காலை எட்டரை முதல் வாசிப்பது என் தொழில். இருபது வருடம் இப்படி வாசித்தவனுக்கு எதைப் பார்த்தாலும் அது பழுதாகும் விதம்தான் முதலில் தெரியும். இதை என் சிறுகதைத் தொகுதியின் பின்னட்டையில் 'இருப்பின் பதற்றத்தைப் பாடுபவர்' என்று போட்டிருக்கிறார்கள். போட்டது நான்.

3

மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், காலி வீதியில், தனிமையில் ஒரு மனிதன்...

(நிறுத்தினேன். மழை பெய்யவில்லை. காலி வீதியில் தனிமையாக நடக்க இடமும் இல்லை.)

இரண்டு கடைகள். ஒன்று காலி வீதியில், கண்ணாடிக் கதவோடும் குளிரோடும். அங்கே கணினி முழுதாகக் கட்டி முடித்த ஒரே பெட்டியாக வரும். அன்றைக்கே கொண்டுபோகலாம். விற்பனைப் பெண் பெட்டியின் முதுகில் ஒட்டியிருந்த சின்ன வெள்ளி ஸ்டிக்கரைக் காட்டினாள்.

"மூண்டு வருஷம் வொரண்டி சேர். மூடியை மட்டும் திறக்கக் கூடாது. இது கிழிஞ்சா வொரண்டி இல்லை."

"ஏன் திறக்கக் கூடாது?"

"ஏன் சேர் திறக்கோணும்?"

அந்தக் கேள்வி வீடுவரை கூட வந்தது. எங்கள் வீட்டில் கடற்காற்று பிரிட்ஜின் காலைத் தின்றுவிட்டது. ரயில் போகும்போது அலுமாரியில் கோப்பைகள் ஒன்றோடொன்று கதைக்கும். அந்த மூடிக்குள் ஏதாவது துருப்பிடித்தால் எனக்கு எப்படித் தெரியும்? திறந்து பார்த்தால்தானே தெரியும். திறந்தால் வொரண்டி எங்கே?

மற்றக் கடை பம்பலப்பிட்டியில், கணினிக் கடைகளால் மட்டுமே நிரம்பிய கட்டடத்தின் இரண்டாம் மாடியில். கடைக்காரர் ஸியாம், முப்பது வயது இருக்கும். அங்கே எல்லாம் உதிரியாக இருந்தது. ஒவ்வொன்றையும் தனித்தனியே தெரிவுசெய்தால் அவர் ஒன்றாகப் பூட்டித் தருவார்.

"மேடத்துக்கு வரையிற வேலை எண்டா கிராபிக்ஸ் கார்ட் நல்லதா ஈக்கணும் சேர். மத்ததெல்லாம் இப்ப சாதாரணமா போடலாம், பொறகு மாத்தலாம். எல்லாத்தையும் இண்டைக்கே முடிவு செய்யத் தேவல்ல."

இவ்வளவு ஆறுதலான வாக்கியத்தை நான் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை. கண்ணில் நீர் முட்டியது. ஆறுதலோடு ஒன்றும் வாங்காமல் வீடு திரும்பினேன்.

மறுநாள் அலுவலகத்தில் றேமண்டிடம் கேட்டேன். கொட்டாஞ்சேனைக்காரர். எங்கள் பகுதியின் கணினி நிபுணர் அவர்தான். இதுவரை மூன்று கணினிகளைத் தனியாளாகப் பழுதாக்கியவர்.

"மச்சான், கட்டினத வாங்கினா, பிழைச்சா கம்பனிய ஏசலாம். பார்ட்ஸா வாங்கினா ஆர ஏசுவ? ஒவ்வொரு பார்ட்டுக்கும் ஒவ்வொரு கம்பனி. கடைசில ஒன் பொண்டாட்டி ஒன்னத்தான் ஏசுவா."

(இந்த இடத்தில் நவீன வாழ்வில் பொறுப்பின் சிதறல் குறித்து ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். றேமண்ட் அதை ஏற்கெனவே சொல்லிவிட்டதால் அகற்றினேன்.)

கோடு போட்ட தாளில் ஒரு அட்டவணை தொடங்கினேன். இடது நிரல் கட்டிய கணினி, வலது நிரல் உதிரிப்பாகம். நாளுக்கு ஒன்றிரண்டு வரி கூடியது. ஏழாவது வரி தூசி. பத்தாவது, இடி மின்னல். பதினான்காவது வரிக்கு 'மனநிம்மதி' என்று பெயரிட்டு இரண்டு நிரலிலும் கேள்விக்குறி போட்டேன். அதே மேசையின் மறுபக்கத்தில் உஷாந்தி மூன்று சமையலறைகளையும் பென்சிலால் தாளில் கீறி, அளவு போட்டு, அழித்து, திரும்பக் கீறிக்கொண்டிருந்தாள். அவளிடம் இருந்த கருவி அதுதான்.

ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை, என் தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள்.

"இஞ்ச பாருங்கோப்பா. அதிலை நான் மூண்டு சமையலறை கீறோணும். அவ்வளவுதான். நீங்கள் அதுக்குள்ளை குடியிருக்கப் போறேல்லை."

4

வாசகரே, ஒன்றை இங்கே சொல்லியாகவேண்டும். கதையும் இப்படித்தான் இரண்டு வகையில் கிடைக்கிறது.

கட்டி முடித்த கதை ஒன்று கைவசம் இருந்தது. தடுமாறும் கணவன், பொறுமையான மனைவி, ஒரு தவறு, ஜன்னலில் மழை, கடைசியில் அவள் அவனுடைய தோளில் கை வைக்கிறாள். பரிசுக்குழுக்கள் மூன்று வருடம் உத்தரவாதம் தரும் கதை. ஒரே நிபந்தனை, மூடியைத் திறந்து 'அவள் ஏன் கை வைத்தாள்?' என்று கேட்கக்கூடாது.

நான் உதிரிப்பாகக் கதையைத் தெரிவுசெய்தேன். துணிவினால் என்று நினைக்கவேண்டாம். உதிரிப்பாகம் என்பது தெரிவை ஒத்திப்போடுவதற்கு ஏற்ற தெரிவு. இப்போது எதையாவது போடலாம், பிறகு மாற்றலாம். கணினியையும் அதே காரணத்துக்காகத்தான் தெரிவுசெய்தேன். புதன்கிழமை மத்தியானம் ஸியாமுக்குத் தொலைபேசியில் 'சரி' என்றேன். சொன்ன வாயோடு அலுவலகக் குளியலறைக்குப் போய் முகம் கழுவினேன். அட்டவணையில் அவர் தரப்புக்கு ஏழு, மற்றதற்கு ஏழு, கேள்விக்குறி ஒன்று.

உஷாந்திக்குச் சொன்னேன். "எதெண்டாலும் நாளைக்கு வீட்டுக்கு வரோணும்," என்றாள். கம்பனி மூடும்போது அவளுக்குக் கொடுத்த கடைசித் தொகையில் மிச்சமிருந்ததை என் கையில் தந்தாள். அதை எண்ணிக்கூடப் பார்க்காமல் தந்தாள். அதுதான் பயமாக இருந்தது.

5

வியாழக்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பம்பலப்பிட்டிக்குப் போனேன். ஒன்றே முக்கால் மணியளவில் ஸியாம் கடைசித் திருகாணியைப் பூட்டினார். போட்டுப் பார்க்க மறந்துவிட்டார். ஓட்டோவில், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குழிக்கும் மன்னிப்புக் கேட்டபடி வீடு வந்தேன். லிப்ட் வேலை செய்யவில்லை. நான்கு மாடியும் தூக்கினேன்.

கம்பிகளை எல்லாம் நானே செருகினேன். உஷாந்தி சாப்பாட்டு மேசையில் தாள்களை வரிசையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று மணி தாண்டி ஐந்து நிமிடத்தில் பொத்தானை அழுத்தினாள்.

விசிறிகள் சுழன்றன. நீல விளக்கு எரிந்தது. திரை கறுப்பாகவே இருந்தது.

அணைத்துப் போட்டோம். திரும்ப அணைத்துப் போட்டோம். கறுப்புத் திரையில் எங்கள் இரண்டு பேருடைய முகமும் தெரிந்தது. நான் ஸியாமைக் கூப்பிட்டேன். அவர் மட்டக்குளியில் ஒரு அலுவலகத்தில் வேலையில் நின்றார். நாளை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு கொண்டுவரச் சொன்னார். அதாவது வெள்ளி இரண்டு மணிக்கு மேல். கெடு ஐந்து மணி.

"என்னவாம்?" என்றாள் உஷாந்தி.

"ஏதோ பார்ட் பிடிக்கேல்லைப்போலையாம்."

"கடையிலை போட்டுப் பாக்கேல்லையோ?"

"மறந்துபோனானாம்."

அவள் ஏசவில்லை. றேமண்ட் சொன்னது நடந்திருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, விளிம்புகளைத் தட்டிச் சமப்படுத்தினாள். அதை மூன்று தடவை செய்தாள்.

6

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு அவள் கைப்பையோடும் தாள்ச்சுருளோடும் வெளிக்கிட்டாள்.

"எங்கை?"

"சங்கிலியின்ரை கடைக்கு."

சங்கிலி என்று எல்லோரும் கூப்பிடுகிற ஒருவர் அடுத்த ஒழுங்கையில் கணினி விளையாட்டுக் கடை நடத்துகிறார். பன்னிரண்டு கணினிகள், எல்லாம் நல்ல கிராபிக்ஸ் கார்ட் உள்ளவை, மணித்தியால வாடகை. உட்கார்ந்தால் ஓட்டப்பந்தயக் கார் போன்ற ஆசனம். என் அட்டவணையில் மூன்றாவது நிரலே இருக்கவில்லை.

நான் அலுவலகத்துக்கு வயிற்றுக்குத்து என்று சொன்னேன். (சொன்ன பிறகு உண்மையாகவே குத்தியது.) பதினொன்றுக்கு ஒருமுறை கடைவாசல்வரை போய்த் திரும்பினேன். பன்னிரண்டரைக்கு மீன் வைத்த மாலு பணிஸ் இரண்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

இருட்டு. சிவப்பு விளக்கு. பதினொரு பேர் சிங்களத்திலும் தமிழிலும் ஒருவரையொருவர் சுடச்சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டாவது ஆசனத்தில், காதில் பச்சை விளக்கு எரியும் பெரிய ஹெட்போனோடு, பருத்திச் சேலையில், உஷாந்தி. அவளுடைய திரையில் ஒரு சமையலறை மெதுவாகத் திரும்பியது. வெள்ளை அலுமாரிகள், ஜன்னலுக்குக் கீழே கழுவும் தொட்டி. எங்கிருந்தோ வெயில்கூட விழுந்தது.

"அண்ணே, அக்காவ இப்ப கூப்பிடாதீங்க," என்றார் சங்கிலி. "காலையில இருந்து எழும்பல. நம்ம பொடியனுங்ககூட இப்படி வெளையாடுனதில்ல."

நான் அருகில் போய் பணிஸைக் காட்டினேன். அவள் ஒரு காதை மட்டும் விடுவித்தாள்.

"ரெண்டு முடிஞ்சுது. மூண்டாவது நடக்குது. வெளிச்சத்தை மறைக்காதேங்கோ."

"ஏதும் உதவி..."

"ஓம். வீட்டை போங்கோ."

பக்கத்தில் யாரோ செத்துப்போனதாகக் கூச்சல் எழுந்தது. நான் பணிஸை விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்தேன். அவள் அதைத் தாள்ச்சுருளுக்கு அப்பால் தள்ளி வைத்தாள், எண்ணெய் பட்டுவிடும்.

நாலு மணி நாற்பத்தாறுக்கு அனுப்பினாள். எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் வீட்டுக்குப் போகவில்லை. எதிர்ப்புற மதிலில் குந்தியிருந்தேன். வெளியே வந்தவளுக்கு வெயில் கூசியது. "அனுப்பியாச்சு," என்றாள். பிறகு, "மூண்டாவதிலை ஒரு கதவின்ரை நிழல் சரியில்லை. நேரம் காணேல்லை," என்றாள். வீடு வரும்வரை அந்தக் கதவைப் பற்றியே சொல்லிக்கொண்டு வந்தாள். சொந்தக் கணினி வேலை செய்திருந்தால் வியாழன் பின்னேரம் முழுக்க அந்த நிழலுக்குக் கிடைத்திருக்கும். அதை அவள் சொல்லவில்லை. நான்தான் சொல்கிறேன், அதுவும் உங்களிடம்.

7

ஐந்தாம் பகுதிக்குத் திரும்பவேண்டும். அதில் ஒரு வாக்கியம் பொய்: 'போட்டுப் பார்க்க மறந்துவிட்டார்.'

அடித்துவிட்டுத் திருத்தி எழுதியிருக்கலாம். ஆனால் உஷாந்திக்குச் சொன்ன பொய்யை உங்களுக்கும் சொல்லிப் பார்த்தால் அது எவ்வளவு தூரம் ஓடும் என்று அறிய ஆசை. இரண்டு பகுதி ஓடியிருக்கிறது.

நடந்தது இது. ஸியாம் கடைசித் திருகாணியைப் பூட்டிவிட்டு, "டிஸ்க்கில எல்லாம் ஏத்தி வெச்சீக்கி சேர். ஒருக்கா போட்டுப் பாத்தா முடிஞ்சி," என்று பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனார். நான் அந்தக் கையைப் பிடித்துவிட்டேன். சுவரில் மணி ஒன்று நாற்பத்தைந்து. வியாழக்கிழமை. ஒன்றரை முதல் மூன்று மணிவரை ராகுகாலம்.

நான் 'நல்ல நேரம் என்னும் நோய்' என்ற கட்டுரையை எழுதியவன். அது வந்த சஞ்சிகைக்கு மூன்று பாராட்டுக் கடிதங்கள் போயின. இரண்டை நானே எழுதினேன். அப்படிப்பட்டவன் ஒரு முஸ்லிம் கடைக்காரரிடம் ராகுகாலம் என்று எப்படிச் சொல்வது? ஆகவே வேறொன்று சொன்னேன்.

"வேண்டாம் தம்பி. இது என்ரை மனிசியின்ரை கொம்பியூட்டர். முதன்முதல் அவதான் போடோணும்."

ஸியாம் கையை எடுத்து நெஞ்சில் வைத்தார். "மாஷா அல்லாஹ். மேடத்த இவ்வளவு மதிக்கிறீங்க. ஆனா சேர், போட்டுப் பாக்காம குடுக்கிறது சரியில்ல. வயர் எங்க சொருகுற எண்டாவது காட்டித்தாறேன்."

"எனக்குத் தெரியும்," என்றேன். மதிக்கப்பட்ட மனிதனின் குரலில்.

அன்று பின்னேரம் தொலைபேசியில் அவர் கேட்ட முதல் கேள்வியும் அதுதான். "ஸ்கிரீன் கேபிள் சரியா சொருகினீங்களா சேர்?" உஷாந்தி பக்கத்தில் நின்றாள். "தம்பி, நான் இருவது வருஷமாக் கொம்பியூட்டரிலை எழுதிறவன்," என்றேன். அப்படியானால் பாகம்தான் பிழை என்று அவர் நம்பினார். ஒரு எழுத்தாளனை நம்பினார்.

சனிக்கிழமை காலை, நான் கூப்பிடாமலே, அவர் கருவிப்பையோடு நான்கு மாடி ஏறி வந்தார். உஷாந்தி தண்ணீர் கொடுத்தாள். கொடுத்துவிட்டுக் கேட்டாள்:

"ஏன் தம்பி, போட்டுப் பாக்காமல் ஒரு சாமானை எப்பிடிக் குடுக்கலாம்? என்ரை சோதினை போயிருக்கும்."

ஸியாம் என்னைப் பார்த்தார். நான் பிரிட்ஜின் துருப்பிடித்த காலைப் பார்த்தேன்.

"சேர்தான் மேடம் சென்னார், நீங்கதான் மொதல்ல போடணுமெண்டு. நான் ஊட்டுக்குப் போய் வைஃபுக்கும் செல்லினேன். நீங்க அப்படி இல்லையெண்டு எனக்கு ஏச்சு."

"அப்பிடியே சொன்னவர்?" உஷாந்தி யோசித்தாள். "எத்தினை மணி இருக்கும் தம்பி அப்ப?"

"ரெண்டு மணிக்குக் கிட்ட."

அவள் சுவரில் தொங்கிய நாட்காட்டிக்குப் போனாள். கிழிக்காமல் இருந்த வியாழக்கிழமைத் தாளின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததை விரலை வைத்து வாசித்தாள். வியாழனைக் கிழித்தாள். வெள்ளியையும் கிழித்தாள். இரண்டையும் மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள்.

இதற்கிடையில் ஸியாம் கணினியின் பின்பக்கம் குனிந்து, திரைக் கம்பியை மேல் ஓட்டையில் இருந்து பிடுங்கிக் கீழ் ஓட்டையில் செருகியிருந்தார். இரண்டு ஓட்டையும் ஒரே வடிவம். மேலே இருப்பது மதர்போர்ட்டுடையது, கீழே இருப்பது கிராபிக்ஸ் கார்ட்டுடையது, படம் வருவது அதிலிருந்துதான். கடையில் காட்டியிருந்தால் ஏழு விநாடி. திரை வெளித்தது.

"பார்ட் எல்லாம் நல்லம்," என்றார். கூலி வாங்க மறுத்தார். "தம்பி, என்னிலையும் பிழையில்லை, உங்களிலையும் இல்லை," என்று உஷாந்தி அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டாள். மிச்சம் இருந்தது ஒரே ஆள்.

8

இனி முடிவு. மூன்று முயன்றேன்.

முதலாவது: மெல்பேர்னில் இருந்து மின்னஞ்சல் வருகிறது, வேலை கிடைக்கிறது, உஷாந்தி கதிரையை விட்டு எழும்பி...

(நிறுத்தினேன். எழுதினால் நடக்காமல் போய்விடுமோ என்று பயம். ஓம், கட்டுரை எழுதிய அதே ஆள்தான்.)

இரண்டாவது: 'வருந்துகிறோம்' என்று தொடங்கும் கடிதம். கடிதப் பிரிவில் அப்படித் தொடங்கும் கடிதங்களை நாளுக்குப் பத்து எழுதுகிறேன். இந்த ஒன்றை எழுதக் கை வரவில்லை.

மூன்றாவது: அவள் என் தோளில் கை வைக்கிறாள். வைக்கவில்லை.

அனுப்பி இன்றைக்கு எட்டாவது நாள். பதில் வரவில்லை. கேட்டு எழுதச் சொன்னேன். "கெஞ்சிறமாதிரி இருக்கும்," என்றாள். அறைக்குள் நான்காவது சமையலறை ஒன்றைக் கீறிக்கொண்டிருக்கிறாள், யாரும் கேட்காத சமையலறை. கை பழக்கம் விட்டுப்போகக் கூடாதாம். கதவின் நிழலை இப்போது சரியாகப் போடத் தெரிந்துவிட்டதாம். மின்னஞ்சல் வந்த சத்தம் கேட்கும்போதெல்லாம் விசைப்பலகை ஒரு கணம் நிற்கிறது. பிறகு மறுபடி தட்டத் தொடங்குகிறது. இதுவரை எல்லாம் விளம்பரம்.

முடிவை உங்களிடம் விடுகிறேன். தெரிவு செய்வது எனக்குக் கைவராத தொழில் என்று இதற்குள் கண்டிருப்பீர்கள். ஒரேயொரு வேண்டுகோள்: இரண்டாவதை எடுக்கவேண்டாம். மற்ற எதையும் எடுங்கள், அவளுக்கு வேலை கிடைத்து என்னைத் துரத்திவிடுவதாக இருந்தாலும் பரவாயில்லை.

புதுக் கணினிக்கு உஷாந்தி கடவுச்சொல் போட்டிருக்கிறாள். எனக்குச் சொல்லவில்லை. இந்தக் கதை முழுவதையும் கைப்பேசியில், ஒற்றை விரலால் எழுதினேன்.